குட்டிக் கெளுத்தி குஞ்சு பொரிக்கும் தொட்டி: வீட்டிலும் வகுப்பிலும் கோரிடோராஸ் வளர்ப்பு

"டீச்சர், மீனை நாமதானே கொன்னோம்?"

ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வகுப்பின் அறிவியல் மூலைக்கென்று ஒரு வெள்ளிக்கிழமை கண்ணாடித் தொட்டியும் ஆறு குட்டிக் கெளுத்திகளும் வாங்கி வந்திருந்தேன். அன்றே குழாய் நீரை நிரப்பினேன். கடையில் கொடுத்த 'ஆன்டி குளோரின்' சொட்டுகளை அளவு பார்த்து விட்டேன். மீன்களையும் விட்டேன். திங்கட்கிழமை இரண்டு மீன்கள் செத்துக் கிடந்தன. அடுத்த வெள்ளிக்குள் ஆறும் போய்விட்டன. தண்ணீர் என்னவோ பளிங்கு மாதிரி தெளிவாகத்தான் இருந்தது.

கடைக்காரர் மீது குற்றமில்லை. மீனுக்கும் நோயில்லை. எனக்குத்தான் விஷயம் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொண்ட பிறகு அதே தொட்டியில், அதே வகை மீன்கள் முட்டையிட்டுக் குஞ்சும் பொரித்தன. அந்த அனுபவத்தையும் அதன் பின்னால் உள்ள அறிவியலையும் இங்கே முறைப்படுத்தித் தருகிறேன்.

ஆசிரியர்கள் இதை 'விலங்குகளின் நீடுநிலவல்', 'அறிவியல் செயற்பாங்குத் திறன்' ஆகிய பாடங்களுக்குத் துணையாகப் பயன்படுத்தலாம். தேர்வு எழுதும் மாணவர்கள், ஒரு செயல்முறையைப் படிப்படியாக விளக்கும் கட்டுரை எப்படி அமைகிறது என்று பார்க்கலாம். இறுதியில் சொற்பொருளும் பயிற்சி வினாக்களும் உள்ளன.

1. எந்தக் கெளுத்தி?

கெளுத்தி என்றதும் நமக்குச் சந்தையில் விற்கும் பெரிய மீன்தான் நினைவுக்கு வரும். நாம் வளர்க்கப்போவது கோரிடோராஸ் எனப்படும் தென் அமெரிக்கச் சிறு கெளுத்தி. கடையில் 'கோரி' என்று கேட்டாலே எடுத்துத் தருவார்கள். கிரேக்க மொழியில் தலைக்கவசம், தோல் என்று பொருள்படும் இரு சொற்களிலிருந்து இந்தப் பெயர் வந்தது. பெயருக்கு ஏற்றாற்போல் இதன் உடலில் செதில்கள் இல்லை. ஒவ்வொரு பக்கமும் இரண்டு வரிசை எலும்புத் தகடுகள் கவசம்போல மூடியிருக்கும். வாயைச் சுற்றி உணர்மீசைகள் உண்டு. அவற்றால் மணலைத் துழாவித்தான் இரை தேடும்.

இவற்றில் பல வகைகள் உண்டு. நம் நாட்டு வெப்பத்திற்கு எல்லாமே பொருந்தா. புள்ளிபுள்ளியாக இருக்கும் 'பெப்பர் கோரி' குளிர்ந்த நீரை விரும்பும் மீன். சார்லஸ் டார்வின் பீகிள் கப்பல் பயணத்தில் சேகரித்த மீன்களில் இதுவும் ஒன்று. 1842-இல் லியோனார்டு ஜெனின்ஸ் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். கதை கேட்க நன்றாக இருக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள். 29 பாகை செல்சியஸ் நீரில் அது திணறும்.

புதியவர்களுக்கு ஏற்றது 'பிரான்ஸ் கோரி' எனப்படும் வெண்கல நிறக் கெளுத்தி. வெளிறிய உடலும் சிவந்த கண்ணுமாக விற்கப்படும் 'அல்பினோ கோரி'யும் பெரும்பாலும் இதே இனம்தான். 1858-இல் டிரினிடாட் தீவிலிருந்து இது முதலில் விவரிக்கப்பட்டது. ஆறு ஏழு சென்டிமீட்டர்வரை வளரும். விலையும் குறைவு. இன்னொரு செய்தி: 2024-இல் வெளியான ஆய்வு ஒன்று கோரிடோராஸ் பேரினத்தைப் பல பேரினங்களாகப் பிரித்தது. அதன்படி வெண்கலக் கெளுத்தி 'ஆஸ்டியோகாஸ்டர்' பேரினத்திற்குப் போய்விட்டது. கடைகளில் பழைய பெயர்தான் வழங்குகிறது. புதிய சான்று கிடைத்தால் வகைப்பாடும் மாறும் என்பதற்கு இது வகுப்பில் சொல்ல நல்ல எடுத்துக்காட்டு.

2. தொட்டியை அமைத்தல்

தேவையானவை அதிகமில்லை.

• 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரம் கொண்ட கண்ணாடித் தொட்டி
• கூர்மை இல்லாத நுண்மணல், இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனத்திற்கு
• காற்றுப் பம்பும் பஞ்சு வடிகட்டியும்
• வெப்பமானி
• ஜாவா பாசி, அகன்ற இலை கொண்ட நீர்ச்செடிகள், ஒரு சிறு மரத்துண்டு
• குளோரின் நீக்கி
• அம்மோனியா, நைட்ரைட்டு, நைட்ரேட்டு அளக்கும் சோதனைத் திரவங்கள்
• மூடி

தொட்டியில் 25 சென்டிமீட்டர் உயரத்திற்கு நீர் நிரப்பினால் கொள்ளளவு 60 × 30 × 25 = 45,000 கன சென்டிமீட்டர், அதாவது 45 லிட்டர். நீர் மட்டுமே 45 கிலோகிராம். கண்ணாடியும் மணலும் தனி. ஆகவே வகுப்பில் இருக்கும் பழைய மேசைமேல் வைத்துவிடக் கூடாது. உறுதியான தாங்கி வேண்டும். சன்னல் ஓரமும் வேண்டாம். வெயில் பட்டால் நீர் சூடேறும், கண்ணாடியில் பாசி பிடிக்கும்.

மணல் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். அழகுக்காக விற்கும் கூர்மையான வண்ணக் கற்கள் இந்த மீனுக்கு ஆகா. மணலை வாயில் அள்ளி, இரையை எடுத்துக்கொண்டு, மீதியைச் செவுள் வழியே வெளியேற்றுவது இதன் இயல்பு. கூரிய கல்லும் அழுக்கடைந்த தரையும் உணர்மீசையைப் புண்ணாக்கும். மீசை தேய்ந்த கோரி, இரை தேட முடியாத கோரி.

பஞ்சு வடிகட்டியைப் பரிந்துரைக்கக் காரணம் உண்டு. மின்விசை வடிகட்டி குஞ்சுகளை உறிஞ்சிவிடும். பஞ்சு உறிஞ்சாது. மேலும், அடுத்த பகுதியில் சொல்லப்போகும் நுண்ணுயிர்களுக்கு அந்தப் பஞ்சுதான் வீடு.

குழாய் நீரைப் பற்றி ஒரு சொல். "ஒரு இரவு வாளியில வெச்சா குளோரின் போயிடும்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். குளோரினைப் பொறுத்தவரை அது பெருமளவு சரி. ஆனால் சிங்கப்பூரில் குழாய் நீரைக் குளோரமின் கொண்டு தூய்மைப்படுத்துகிறார்கள். குளோரமின் ஒரே இரவில் ஆவியாகிப் போகாது. குளோரின் நீக்கி கட்டாயம் வேண்டும். நீரை வாளியில் பிடித்து வைப்பதானால் இறுக்கமாக மூடி வையுங்கள். திறந்த வாளி ஏடிஸ் கொசுவுக்கு அழைப்பிதழ். மீன் உள்ள தொட்டியில் கொசுப்புழு தப்பாது. மீன் இல்லாத வாளிதான் ஆபத்து.

3. மீன் வருவதற்கு முன்பு

என் முதல் ஆறு மீன்கள் ஏன் இறந்தன என்பதற்கான விடை இங்கே இருக்கிறது.

மீன் உண்ணும் உணவில் உள்ள புரதம் செரித்த பிறகு கழிவு அம்மோனியாவாக வெளியேறுகிறது. பெரும்பகுதி செவுள் வழியாகவே நீரில் கலக்கிறது. அம்மோனியாவுக்கு நிறமில்லை. நீர் தெளிவாகவே இருக்கும், ஆனால் மீனின் செவுள் வெந்துபோகும். நீர் சூடாகவும் காரத்தன்மை கூடுதலாகவும் இருந்தால் அதன் நச்சு இன்னும் அதிகம்.

ஆற்றிலும் குளத்திலும் இந்த அம்மோனியாவை நுண்ணுயிர்கள் மாற்றுகின்றன. நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சுதான். பிறகு நைட்ரோஸ்பைரா, நைட்ரோபாக்டர் போன்றவை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டு குறைந்த அளவில் இருக்கும்வரை மீனுக்குப் பெரிய கேடில்லை. செடிகள் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மீதியை நாம் வாரந்தோறும் நீர் மாற்றி அகற்றலாம். இடைநிலைப்பள்ளி மாணவர்கள் படத்தில் பார்க்கும் நைட்ரஜன் சுழற்சியின் ஒரு துண்டு இது.

புதிய தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் போதிய அளவு இரா. அவை பெருக வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நான் ஒரு நாள்கூடக் காத்திருக்கவில்லை. குளோரினை நீக்கினேன். அம்மோனியாவை நினைக்கவே இல்லை.

சரியான முறை இதுதான்.

படி 1: தொட்டியில் மணல், செடி, வடிகட்டி எல்லாம் வைத்து, குளோரின் நீக்கிய நீரை நிரப்புங்கள். காற்றுப் பம்பை இரவும் பகலும் ஓட விடுங்கள்.

படி 2: மீன் இல்லாமலே தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவைப் போடுங்கள். அது அழுகி அம்மோனியா உண்டாகும். பாக்டீரியாவுக்கு அதுவே தீனி.

படி 3: இரண்டு நாளுக்கு ஒருமுறை சோதனைத் திரவத்தால் அளந்து பதிவு செய்யுங்கள். முதலில் அம்மோனியா ஏறும். பிறகு அது இறங்க, நைட்ரைட்டு ஏறும். கடைசியில் நைட்ரைட்டும் இறங்கி நைட்ரேட்டு தென்படும்.

படி 4: உணவு போட்ட மறுநாளும் அம்மோனியா, நைட்ரைட்டு இரண்டும் சுழியம் காட்டினால் தொட்டி தயார்.

ஏற்கெனவே நன்றாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பர் இருந்தால், அவரிடமிருந்து பயன்படுத்திய பஞ்சு ஒன்றை ஈரம் காயாமல் வாங்கி வந்து உங்கள் தொட்டியில் வையுங்கள். காத்திருக்கும் காலம் வெகுவாகக் குறையும். அளப்பதை மட்டும் விடாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. பஞ்சு அழுக்காகிவிட்டதே என்று அதைக் குழாயடியில் பிழிந்து கழுவக் கூடாது. குளோரின் பட்டு அத்தனை பாக்டீரியாவும் மடியும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே மெல்ல அலசுங்கள்.

இந்த ஆறு வாரமும் என் மாணவர்கள் வெறும் தண்ணீரை அளந்துகொண்டிருந்தார்கள். "மீனே இல்லாத தொட்டிக்கு ஏன் டீச்சர் சாப்பாடு போடுறோம்?" என்று பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். அளவீட்டுக் கோட்டுவரைவு ஏறி இறங்கியதைப் பார்த்த பிறகு, கேலி செய்தவர்களுக்கு விளக்கம் சொன்னதும் என் மாணவர்கள்தான்.

4. ஆறு மீன்கள்

கோரி கூட்டமாக வாழும் மீன். ஒன்றிரண்டு வாங்கினால் மூலையில் பதுங்கிக் கிடக்கும். குறைந்தது ஆறு வேண்டும். மேலிருந்து பார்த்தால் பெண் மீனின் வயிற்றுப் பகுதி அகன்றிருக்கும். ஆண் மெலிந்தும் சற்றுச் சிறியதாகவும் இருக்கும். இரண்டு பெண்ணுக்கு நான்கு ஆண் என்ற விகிதம் நல்லது. கடையில் பெரும்பாலும் இளம் மீன்களே கிடைக்கும். அவற்றில் ஆண் பெண் தெரியாது. ஆறு எட்டு வாங்கி வளர்த்தால் இரு பாலும் கலந்து வரும்.

வலையால் பிடிக்கும்போது கவனம். முதுகுத் துடுப்பிலும் மார்புத் துடுப்பிலும் முள் உண்டு. பயந்தால் அவற்றை விரித்துப் பூட்டிக்கொள்ளும். வலையில் சிக்கினால் இழுக்காதீர்கள், துணியை வெட்டி விடுங்கள். கையில் குத்தினால் சுருக்கென்று வலிக்கும். மாணவர்களைக் கையால் பிடிக்க விடக் கூடாது.

மீன் அவ்வப்போது சர்ரென்று நீர்மட்டத்திற்கு வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு இறங்குவதைப் பார்ப்பீர்கள். பயப்பட வேண்டாம். கோரிக்குச் செவுள் மட்டுமின்றிக் குடலின் பின்பகுதியாலும் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் திறன் உண்டு. ஆனால் எல்லா மீன்களும் நிமிடத்திற்கு நிமிடம் ஓடி வந்தால் நீரில் ஆக்சிஜன் குறைந்திருக்கிறது என்று பொருள். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். ஒரு சிறு மின்விசிறியை நீர்மட்டத்தின்மேல் வீச விட்டால், ஆவியாதலால் வெப்பம் இரண்டு பாகை அளவில் இறங்கும். நம் ஊரில் ஏர்கோன் இல்லாத வகுப்பில் இது பெரிய உதவி.

5. மழையை வரவழைத்தல்

தென் அமெரிக்க ஆறுகளில் மழைக்காலம் தொடங்கும்போது குளிர்ந்த புது நீர் பாயும், இரை பெருகும். குஞ்சுகள் பிழைக்க அதுவே நல்ல காலம். கோரியின் உடல் அந்த அறிகுறிக்காகக் காத்திருக்கிறது. நாம் தொட்டிக்குள் ஒரு சிறு மழைக்காலத்தை உண்டாக்க வேண்டும்.

முதல் இரண்டு வாரம் நல்ல உணவு கொடுங்கள். மூழ்கும் குறுணை உணவோடு, உறைய வைத்த இரத்தப்புழு அல்லது ஆர்ட்டீமியாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். பெண் மீனின் வயிறு உருண்டு வரும். பிறகு பாதி நீரை எடுத்துவிட்டு, குளோரின் நீக்கிய, சற்றுக் குளிர்ந்த நீரை ஊற்றுங்கள்.

எவ்வளவு குளிர்? ஒரு கணக்குப் போடுவோம். தொட்டி நீர் 29 பாகை. பாதி நீரை எடுத்துவிட்டு 23 பாகை நீரைச் சேர்த்தால், சராசரி (29 + 23) ÷ 2 = 26 பாகை. மூன்று பாகை இறக்கம். இது போதும். 23 பாகை நீருக்கு, மூடியிட்ட போத்தலில் உறைய வைத்த பனிக்கட்டியை வாளியில் மிதக்க விட்டு வெப்பமானியால் அளந்துகொள்ளுங்கள். பனிக்கட்டியை நேராகத் தொட்டிக்குள் போடக் கூடாது. நீரையும் ஒரேயடியாகக் கொட்டாமல், அரை மணி நேரத்தில் மெல்ல மெல்ல ஊற்றுங்கள்.

மாலையில் மழை வரும் நாளைத் தேர்ந்தெடுப்பது மீன் வளர்ப்போரின் வழக்கம். அன்று இரவு இயல்பாகவே குளிர்ச்சி நிலைக்கும். மறுநாள் காலை முட்டை இல்லையென்றால் மனம் தளர வேண்டாம். நான்கைந்து நாள் விட்டு மறுபடியும் செய்யுங்கள். எனக்கு மூன்றாவது முறைதான் பலித்தது.

6. முட்டையிடும் விந்தை

ஆண் மீன்கள் பெண்ணைத் துரத்தத் தொடங்கினால் அன்று பாடத்திட்டத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் பாருங்கள். ஒரு கட்டத்தில் ஆண் பக்கவாட்டில் நிற்க, பெண் தன் வாயை அதன் வயிற்றருகே வைத்து ஒட்டிக்கொள்ளும். மேலிருந்து பார்த்தால் ஆங்கில 'டீ' எழுத்துபோலத் தெரியும். அப்போது பெண் மீன் தன் வயிற்றுத் துடுப்புகளைக் கிண்ணம்போலக் குவித்து அதில் சில முட்டைகளை இடும்.

முட்டை எப்படிக் கருவுறுகிறது? வாய் ஓரிடம், முட்டை வேறிடம். 1995-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதே வெண்கலக் கெளுத்தியில் இதை ஆராய்ந்தார்கள். பெண் மீன் விந்தணுவைக் குடிக்கிறது, அது குடல் வழியே விரைந்து சென்று முட்டைகள் இருக்கும் துடுப்புக் கிண்ணத்தில் வெளியேறுகிறது என்று விளக்கம் தந்தார்கள். பெண்ணின் வாயருகே விட்ட நீலச் சாயம் சில விநாடிகளில் பின்வழியே வெளிவந்ததை அவர்கள் சான்றாகக் காட்டினார்கள். காற்றைச் சுவாசிக்கும் அதே குடல் இங்கே இன்னொரு வேலையும் செய்கிறது.

பிறகு பெண் மீன் கண்ணாடியிலோ இலையின் அடியிலோ ஓர் இடத்தை வாயால் சுத்தம் செய்து, முட்டைகளை ஒட்டிவிட்டுப் போகும். மறுபடியும் 'டீ' வடிவம், மறுபடியும் சில முட்டைகள். இப்படிச் சில மணி நேரம் நடக்கும். நன்கு வளர்ந்த பெண் ஒரே தடவையில் நூறுக்கும் மேல் முட்டையிடக்கூடும்.

7. முட்டைகளைக் காப்பாற்றுதல்

கோரிக்குப் பிள்ளைப் பாசம் கிடையாது. முட்டையிட்டு முடித்துப் பசி வந்தால் தன் முட்டையைத் தானே தின்னும். எங்கள் முதல் ஈடு ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில் நடந்தது. "திங்கட்கிழமை பார்த்துக்கலாம்" என்று விட்டுப் போனேன். திங்களன்று கண்ணாடியில் ஒரு முட்டைகூட இல்லை. அதே மாணவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

ஆகவே முட்டையிட்டு முடிந்த அன்றே இதைச் செய்யுங்கள்.

படி 1: ஐந்து முதல் பத்து லிட்டர் கொள்ளும் சிறு தொட்டியில், பெரிய தொட்டியின் நீரையே நிரப்புங்கள். புது நீர் வேண்டாம்.

படி 2: ஓரிரு மணி நேரம் கழித்து முட்டையின் ஓடு சற்று இறுகும். அப்போது கையைக் கழுவி, சவர்க்கார வாடை இல்லாமல் நன்றாக அலசிவிட்டு, விரல் நுனியால் முட்டைகளை மெல்ல உருட்டி எடுக்கலாம். பழைய பிளாஸ்டிக் அட்டையாலும் வழிக்கலாம்.

படி 3: சிறு தொட்டியில் காற்றுக் குழாயை வைத்து, முட்டைகளைச் சுற்றி நீர் மெதுவாக ஓடும்படி செய்யுங்கள். தேங்கிய நீரில் பூஞ்சை பிடிக்கும்.

படி 4: பள்ளிகளில் கிடைக்கும் எளிய மருந்து காய்ந்த கெத்தாப்பாங் இலை, அதாவது நாட்டு வாதுமை இலை. கழுவி ஒரு துண்டு போட்டால் நீர் தேநீர் நிறமாகும். அதிலுள்ள டானின் பூஞ்சையைக் கட்டுப்படுத்த உதவும் என்பதால் மீன் வளர்ப்போர் நெடுநாளாகப் பயன்படுத்துகிறார்கள். கடையில் விற்கும் மெத்திலீன் நீலத்தையும் ஒன்றிரண்டு சொட்டு விடலாம். அது கையில் பட்டால் நீலம் போகாது, பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை பத்திரம்.

படி 5: காலை மாலை பாருங்கள். கருவுற்ற முட்டை இளம் பழுப்பு நிறமாகும். கருவுறாதது வெண்மையாகிப் பஞ்சுபோல் பூஞ்சை பிடிக்கும். அதை உடனே எடுத்து எறியாவிட்டால் பக்கத்து முட்டைக்கும் தொற்றும்.

நம் வெப்பநிலையில் மூன்று நான்கு நாளில் குஞ்சு பொரிக்கும். உற்றுப் பார்த்தால்தான் தெரியும்: ஒரு வால், இரண்டு கண், அடியில் மஞ்சள் கருப்பை.

8. குஞ்சுகளின் சாப்பாடு

முதல் இரண்டு நாள் எதுவும் போட வேண்டாம். கருப்பையில் உள்ள சத்தே போதும். மூன்றாம் நாளிலிருந்து மிக நுண்ணிய உணவு வேண்டும்.

சிறந்தது பொரித்தவுடன் கொடுக்கும் ஆர்ட்டீமியா. ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 25 கிராம் உப்பைக் கரைத்து, அரைத் தேக்கரண்டி ஆர்ட்டீமியா முட்டை போட்டு, காற்றுக் குழாயால் கொதிப்பதுபோலக் குமிழ விடுங்கள். ஒரு நாளில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்தி, ஒரு பக்கம் விளக்கு வைத்தால் அவை ஒளியை நோக்கிக் கூடும். மெல்லிய துணியில் வடிகட்டி, நன்னீரில் அலசிக் கொடுங்கள். இது முடியாதவர்கள் மைக்ரோ புழுவை ஓட்ஸ் கஞ்சியில் வளர்க்கலாம். சிறிய டப்பா ஒன்று போதும்.

குஞ்சு சாவதற்குப் பட்டினியைவிட மிச்ச உணவே பெரும்பாலும் காரணம். அடியில் தங்கியது அழுகினால் மீண்டும் அதே அம்மோனியா. தினமும் மெல்லிய குழாயால் அடியைச் சுத்தம் செய்து, ஐந்தில் ஒரு பங்கு நீரைப் பெரிய தொட்டி நீரால் மாற்றுங்கள். வெப்பநிலை ஒன்றாக இருக்க வேண்டும்.

பள்ளி விடுமுறைக்கும் திட்டம் தேவை. வளர்ந்த மீன்கள் சில நாள் உணவின்றித் தாங்கும். "பாவம், பசிக்குமே" என்று யாராவது ஒரு கைப்பிடி போட்டுவிட்டால் அதுதான் ஆபத்து. குஞ்சுகள் தாங்கா. அவற்றை யார் வீட்டுக்குக் கொண்டுபோவது என்று விடுமுறைக்கு முன்பே முடிவு செய்யுங்கள்.

9. வளர்ந்த குஞ்சுகளை என்ன செய்வது?

இதை முட்டை வருவதற்கு முன்பே யோசிக்க வேண்டும். 45 லிட்டர் தொட்டியில் ஐம்பது மீன் வாழ முடியாது. நண்பர்களுக்குக் கொடுக்கலாம், வேறு பள்ளிக்கு அனுப்பலாம், கடைக்காரரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

ஆற்றிலோ வடிகாலிலோ மட்டும் விடவே கூடாது. இரக்கப்பட்டுச் செய்தாலும் அது தீங்குதான். தொட்டியில் கண்ணாடி துடைக்கும் என்று வாங்கப்பட்ட 'இக்கான் பண்டாராயா' எனும் தென் அமெரிக்கக் கெளுத்தி இன்று சிலாங்கூரின் லங்காட் போன்ற ஆறுகளில் பெருகி, உள்ளூர் மீன்களோடு போட்டி போடுகிறது. அதுவும் ஒரு நாள் யாரோ ஒருவர் கையிலிருந்து போனதுதான். சிங்கப்பூரில் நீர்த்தேக்கங்களில் விலங்குகளை விடுவது சட்டப்படி குற்றம்.

10. வகுப்பறையில் பயன்படுத்தும் வழி

நீடுநிலவல்: கோரி பல முட்டைகள் இடுகிறது, இலையடியில் ஒட்டி மறைக்கிறது, ஆனால் பாதுகாப்பதில்லை. திலாப்பியா முட்டைகளை வாயில் வைத்துக் காக்கிறது. சண்டை மீனின் ஆண், நுரைக்கூடு கட்டிக் காவல் இருக்கிறது. மூன்றையும் ஒப்பிட்டு அட்டவணை தயாரிக்கச் சொல்லலாம்.

ஆராய்வு: முட்டைகளைச் சம எண்ணிக்கையில் இரண்டு பெட்டிகளில் பிரித்து, ஒன்றில் மட்டும் கெத்தாப்பாங் இலை போடுங்கள்.
• தற்சார்பு மாறி: கெத்தாப்பாங் இலை இருப்பதும் இல்லாததும்
• சார்பு மாறி: பூஞ்சை பிடித்த முட்டைகளின் எண்ணிக்கை
• கட்டுப்படுத்தப்பட்ட மாறி: நீரின் அளவு, வெப்பநிலை, காற்றோட்டம், முட்டைகளின் தொடக்க எண்ணிக்கை

கணிதம்: எங்கள் இரண்டாவது ஈட்டில் 74 முட்டைகள் எடுத்தோம். 48 பொரித்தன. ஆறு வாரத்தில் 31 குஞ்சுகள் பெற்றோரின் வடிவத்தில் நின்றன. பொரிப்பு விழுக்காடு என்ன? பிழைத்த விழுக்காடு என்ன?

அந்த 31-ஐயும் எண்ணியவள் அந்த மாணவிதான். எண்ணி முடித்துவிட்டு, "அந்த ஆறு மீனும் இருந்திருக்கலாம் டீச்சர்" என்றாள். ஆமாம் என்றேன். அவளுடைய முதல் கேள்விக்கும் அன்றுதான் பதில் சொன்னேன்: "நாம இல்ல கண்ணு, நான்தான். தெரிஞ்சுக்காம வாங்கிட்டேன்." உயிருள்ள ஒன்றை வகுப்புக்குள் கொண்டுவருவதற்கு முன், ஆறு வாரம் காத்திருக்க நமக்குப் பொறுமை இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்வோம். இருந்தால், கோரி நம் மாணவர்களுக்கு நல்ல ஆசிரியர்.

சொற்பொருள்

உணர்மீசை – வாயருகே உள்ள, தொடுதலையும் சுவையையும் அறியும் இழை
செவுள் – மீனின் சுவாச உறுப்பு
நீடுநிலவல் – ஓர் இனம் அழியாமல் தொடர்ந்து வாழ்தல்
ஈடு – ஒரு தடவையில் இடப்படும் முட்டைகளின் தொகுதி
கருப்பை – இங்கே, பொரித்த குஞ்சின் அடியில் உணவாக ஒட்டியிருக்கும் மஞ்சள் கருவின் பை
கொள்ளளவு – ஒரு பாத்திரம் கொள்ளும் அளவு

பயிற்சி வினாக்கள்

1. தெளிவான நீர் எப்போதும் மீனுக்கு ஏற்ற நீர் ஆகாது. ஏன்? இரண்டு காரணங்களுடன் விளக்குக.
2. பஞ்சு வடிகட்டியைக் குழாய் நீரில் கழுவினால் என்ன நிகழும்? ஊகித்துக் கூறுக.
3. தொட்டி நீர் 30 பாகை. பாதி நீரை மாற்றி 27 பாகைக்குக் கொண்டுவர, சேர்க்க வேண்டிய நீரின் வெப்பநிலை என்ன?
4. வளர்ப்பு மீன்களை ஆற்றில் விடுவது இரக்கமா, தீங்கா? உன் கருத்தை 120 சொற்களில் எழுதுக.
5. உனக்குத் தெரிந்த ஒரு செயல்முறையை, ஒவ்வொரு படிக்கும் காரணம் காட்டி, விளக்கக் கட்டுரையாக எழுதுக.